பாட வேளைக்கு வெளியே: ஆஸ்பெர்ஜர் உள்ள ஒரு சிறுவனுக்குப் பள்ளி தேடிய கதை

வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அதுவே அவன் பெயராக இருக்கட்டும். பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

முதன்முதலில் கீழ்ப்பாக்கத்தில் உள்ள என் ஆலோசனை அறைக்கு அவன் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்வதற்குள் அவன் மூலையில் இருந்த தண்ணீர்க் கேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டான்.

"தங்கள் அலுவலகத்திற்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது?"

"குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி தம்பி. குழாயில கார்ப்பரேஷன் தண்ணி வரும்."

"மாநகராட்சி அல்ல. சென்னைக் குடிநீர் வாரியம். 1978இல் தொடங்கப்பட்டது."

அப்புறம் யாரும் கேட்காமலே ஏரிகளின் கொள்ளளவு வந்தது. செம்பரம்பாக்கம் 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. "ஆக மொத்தம் 11757 மில்லியன் கன அடி" என்று முடித்துவிட்டு மறுபடி கேனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அவர்கள் போனபிறகு கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி.

"காலையில பேப்பர் வந்ததும் ஏரி நிலவரம் பார்த்துட்டுத்தான் மேடம் பல்லே தேய்ப்பான்" என்றார் அம்மா. சென்னையில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறவர்கள்தான், 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் நாம் பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். தம்பி நான்கு வருடத்து எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அவனுடைய தமிழ். தமிழ்க் குழந்தை எழுத்துத் தமிழைப் பள்ளியில் கற்கிறது. பேச்சுத் தமிழை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, கூட விளையாடுகிற பிள்ளைகளிடமிருந்து தானாக ஒட்டிக்கொள்கிறது. தம்பிக்கு அந்த ஒட்டுதல் நடக்கவில்லை. பேப்பரும் செய்திவாசிப்பும் பேசுகிற தமிழே அவனுக்கு வீட்டுத் தமிழ். "நான் தண்ணீர் அருந்த வேண்டும்" என்பான். கூடப் படிக்கிற பையனை "நீங்கள்" என்பான். வகுப்பில் அவனுக்கு "நியூஸ்" என்று பட்டப்பெயர். ஆஸ்பெர்ஜர் (இப்போது ஆட்டிசத்துக்குள் அடக்கப்படுவது) உள்ள குழந்தைகள் சின்னப் பேராசிரியர் மாதிரி பேசுவார்கள் என்று புத்தகங்களில் இருக்கும். நம் ஊரில் அது தூர்தர்ஷன் செய்தி மாதிரி காதில் விழுகிறது.

எந்தப் பெயரில் எழுதுவது

பேச்சு இவனுக்குத் தாமதமாக வரவில்லை. இரண்டு வயதில் வாக்கியமாகப் பேசியவன். அதனால்தான் பள்ளியில் சேரும் வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாட்டி இன்னமும் "பேச்சு முந்தின பிள்ளை, எல்லாம் சரியாயிடும்" என்கிறார்.

பேச்சுத் தாமதமோ அறிவுத்திறன் குறைவோ இல்லாமல், மற்றவர்களோடு பழகுவதில் திணறலும் ஒன்றிரண்டு விஷயங்களில் தீராத ஈடுபாடும் இருந்தால் முன்பு ஆஸ்பெர்ஜர் என்று தனியாக எழுதினோம். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944இல் இப்படிப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் அதை மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1994இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறிய பெயர், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எடுக்கப்பட்டு, எல்லாம் ஆட்டிசம் நிறமாலை என்ற ஒரே தலைப்புக்குள் போய்விட்டது. உலக சுகாதார அமைப்பின் புதிய பட்டியலும் அப்படித்தான். நாஜி ஆட்சிக் காலத்தில் ஆஸ்பெர்ஜர் நடந்துகொண்ட விதம் பற்றி 2018இல் ஆவணங்களோடு ஆய்வு வெளிவந்த பிறகு, அந்தப் பெயரை உச்சரிக்கவே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

சென்னைப் பெற்றோரிடம் அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. காரணம் தம்பியின் அப்பா சொன்னதுதான். ரயில்வே வேலை, அதிகம் பேசாத மனிதர். இரண்டாவது சந்திப்பில் வாயைத் திறந்தார். "ஆஸ்பெர்ஜர்னு எழுதுங்க மேடம், பரவாயில்லை. ஆட்டிசம்னு மட்டும் எழுதிடாதீங்க."

அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் இருப்பது ஆட்டிசம். ஆஸ்பெர்ஜர் என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு சான்றிதழ் வாங்க முடியாது. இந்தியாவில் சான்றிதழுக்குப் பயன்படுத்துகிற அளவுகோலில் 40 கேள்விகள். மொத்த மதிப்பெண் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது. தம்பிக்கு 82. அரசு மருத்துவக் குழு கொடுத்த பாதிப்புச் சதவீதம், சட்டம் கேட்கிற 40ஐத் தாண்டியிருந்தது. அப்பா கையெழுத்துப் போட ஏழு வாரம் எடுத்துக்கொண்டார். போட்டதும் சான்றிதழை ஒரு பழைய எல்.ஐ.சி. உறைக்குள் வைத்து பீரோவில் பூட்டிவிட்டார். பள்ளிக்குக் கொடுக்க அது வெளியே வருவதற்கு மேலும் பல மாதம் ஆனது.

டைரி

தம்பி படித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளி. வகுப்புக்கு 45 பேர். வாரம் மூன்று முறை அம்மாவைக் கூப்பிடுவார்கள். கடைசியில், கூடவே உட்கார்ந்து கவனித்துக்கொள்ள ஒருவரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை வேறு மாதிரி இனிப்பாகச் சொன்னார்களாம். சாரம் இதுதான்.

அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் மாற்றுத்திறன் காரணமாகப் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், தேவையான வசதியைச் செய்து தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது. சண்டை போடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "போட்டு ஜெயிச்சு, அந்த மிஸ்கிட்டயே திரும்ப என் பையனை அனுப்பணுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பள்ளி டைரியைக் கொண்டுவரச் சொன்னேன். சிவப்பு மையில் 17 புகார்கள். "வகுப்பில் ஆசிரியரைத் திருத்துகிறான்." "பேச்சைக் கேட்பதில்லை." "சக மாணவனைக் கடித்தான்." நான் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அம்மாவைக் கேட்டும் தம்பியைக் கேட்டும், மணி என்ன, எங்கே நடந்தது, அதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது என்று எழுதினேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கோபமாக எழுதப்பட்ட ஒரு வரிக்குள் ஒரு கடிகாரத்தை வைத்தால் அது வேறு வரியாகிவிடும்.

கடித்த சம்பவம் இப்படி. மதிய உணவு நேரம். தம்பியின் தண்ணீர் பாட்டிலை ஒருவன் எடுத்து ஒளித்துவைத்து "கண்டுபிடி பார்ப்போம்" என்றிருக்கிறான். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. தம்பிக்கு அது திருட்டு. "என் பாட்டிலைத் தாருங்கள்" என்று மூன்று முறை கேட்டிருக்கிறான். அவன் பேசின விதத்துக்கு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான்காவது முறை கேட்கவில்லை. டைரியில் இருப்பது கடைசி மூன்று விநாடி மட்டும்.

17இல் 13 சம்பவங்கள் பாட வேளைக்கு வெளியே நடந்தவை: உணவு இடைவேளை, பி.டி. பீரியட், வேனுக்குக் காத்திருக்கும் நேரம், ஆசிரியர் வராத வகுப்பு. மீதி நான்கில் மூன்று, ஆசிரியர் சொன்ன தகவலைத் திருத்தியது. "புழல்தான் பெரிய ஏரி" என்று மிஸ் சொல்ல, எழுந்து நின்று "தவறு" என்றிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அது உதவி.

நான் செய்த தப்பு

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே நான் தப்பான முடிவுக்குப் போனேன்.

45 பேர், இரைச்சல், தள்ளுமுள்ளு, மைக்கில் பிரேயர். கூட்டம்தான் பிரச்சினை என்று நினைத்தேன். அதனால் ஒரு சின்ன மாற்றுவழிப் பள்ளியைச் சொன்னேன். வகுப்புக்கு 12 பேர், பரீட்சை கிடையாது, சீருடை கிடையாது, ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்று கூப்பிடலாம். மரங்கள் நிறைய. குழந்தை தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுத்துக் கற்கும். ஆஸ்பெர்ஜர் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நானே அம்மாவிடம் சொன்னேன். ஜூனில் சேர்த்தோம். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

ஆகஸ்ட் நடுவில் தம்பி தூங்குவதை நிறுத்திவிட்டான். நகத்தைச் சுற்றியிருந்த தோலைப் பிய்த்து விரல் நுனியெல்லாம் புண். காலையில் செருப்பு மாட்டும்போதே "இன்று என்ன நடக்கும்?" என்று கேட்க ஆரம்பிப்பானாம், அரை மணி நேரத்துக்கு நிறுத்த மாட்டானாம். அம்மாவுக்குப் பதில் தெரியாது. பள்ளியில் கேட்டால், "அது குழந்தைகளைப் பொறுத்தது அம்மா, அன்னிக்குக் காலையிலதான் முடிவு பண்ணுவோம்" என்றார்கள். நல்ல மனிதர்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். பத்தே முக்காலுக்குள் எனக்கு விளங்கிவிட்டது. மற்ற 11 பேரும் மூன்று கும்பலாகப் பிரிந்து ஆளுக்கொரு வேலையில் இறங்கிவிட்டார்கள். யாரும் யாரையும் பிரிக்கவில்லை. ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, ஒரு "வாடா". அவ்வளவில் எல்லாம் முடிவாகிவிடுகிறது. தம்பி நடுவில் நின்றுகொண்டிருந்தான். பழைய பள்ளியில் ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் இடைவேளை. இங்கே நாள் முழுவதும் இடைவேளை.

டைரி அதைத்தான் சொல்லியிருக்கிறது. கூட்டத்தைப் பற்றி அது பேசவே இல்லை. அடுத்து என்ன என்று தெரியாத நேரத்தைப் பற்றித்தான் பேசியது. நான் எண்ணிக்கையைப் பார்த்து நேரத்தைக் கோட்டைவிட்டேன். பெற்றோரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் "ஏன் மேடம்?" என்று கேட்க ஆரம்பித்தார். நல்ல மாற்றம்தான்.

வீட்டில் இருந்த மாதங்கள்

செப்டம்பரிலிருந்து தம்பி வீட்டில். இந்த இடைவெளியில் சிறப்புப் பள்ளி ஒன்றையும் போய்ப் பார்த்தோம். வசதியும் திறமையும் குறைவில்லாத இடம். அதன் பொறுப்பாளரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "எங்ககிட்ட இவனுக்குக் குடுக்கறதுக்கு வாரத்துல ரெண்டு மணி நேர வேலைதான் இருக்கு. அதுக்கு மேல வச்சா இவன் நேரத்தை நாங்க திருடுறோம்னு அர்த்தம்." இந்த நேர்மை எல்லா இடத்திலும் கிடைக்காது. சனிக்கிழமை காலையில் அங்கே நடக்கும் சின்னக் குழுப் பயிற்சிக்கு மட்டும் தம்பி இப்போதும் போகிறான்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி பற்றியும் பேசினோம். பத்தாம் வகுப்புத் தேர்வை அதில் 14 வயதில் எழுதலாம், பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பல குடும்பங்களுக்கு அது நல்ல வழி. ஆனால் தம்பிக்குப் பாடம் எப்போதுமே தொல்லையாக இருந்ததில்லை. அவனுக்குக் கற்க வேண்டியது மற்ற பிள்ளைகளோடு இருப்பது; அதை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது.

இந்த முறை நான் தேடும் முறையை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்குப் போனால் முதலில் வகுப்பறையைக் காட்டச் சொல்வதில்லை. காலை 11 மணிக்குப் போய் மதியச் சாப்பாடு முடியும் வரை எங்காவது ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். மணி அடித்ததும் என்ன ஆகிறது, தனியாக நிற்கிற பிள்ளை எங்கே போய் நிற்கிறது, பெரியவர் யாராவது அதைக் கவனிக்கிறாரா, ஆசிரியர் வராத வகுப்பை யார் பார்த்துக்கொள்கிறார். "இன்குளூசிவ் ஸ்கூல்" என்று பலகை வைத்த ஒரு பள்ளியில், உணவு நேரத்தில் மூன்று பிள்ளைகள் சிறப்புப் பயிற்சிக்கான ரிசோர்ஸ் ரூமுக்குள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அப்படித்தானாம்.

எச்.எம். கேட்ட கேள்வி

ஐந்தாவதாகப் போனது அயனாவரம் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. பழைய கட்டடம், சமச்சீர்ப் பாடத்திட்டம். ஸ்பெஷல் எஜுகேட்டர் நிரந்தரமாகக் கிடையாது; வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் வந்துபோவார். என் பட்டியலில் இதை நான் கடைசியில்தான் போட்டிருந்தேன். அப்பாதான் "வீட்டுக்குப் பக்கம், பாத்துட்டு வந்துடலாமே" என்றார்.

இங்கே எல்லாமே அட்டவணை. திங்கள் மூன்றாவது பீரியட் என்றால் 20 வருடமாக அதே மாதிரி நடக்கிற இடம். தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிக்கிற மணி. உணவு இடைவேளையில் நூலகம் திறந்திருக்கும். ஒரு வயதான தமிழாசிரியர் அங்கேயே தன் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருப்பார்.

எச்.எம்.மிடம் 14 பக்க ஆங்கில அறிக்கையை நீட்டினேன். புரட்டிவிட்டு மேஜையில் வைத்தார். "இதை எங்க டீச்சருங்க யாரு படிக்கப்போறா? எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இவனுக்குக் கஷ்டமா இருக்குன்னு அவன் சொல்லமாட்டான். எனக்கு எப்படித் தெரியும்?"

அதுவரை பார்த்த எந்தப் பள்ளியிலும் யாரும் இதைக் கேட்கவில்லை. மார்க் என்ன, மாத்திரை சாப்பிடுகிறானா, கடிப்பானா என்றுதான் கேட்டார்கள்.

"விரல் நுனியைப் பிய்ப்பான். அப்புறம் ஏரி பெயரை வரிசையாச் சொல்ல ஆரம்பிப்பான். சத்தம் கூடிக்கிட்டே போகும்" என்றார் அம்மா.

அன்று ராத்திரி 14 பக்கத்தை ஒரு பக்கமாக, தமிழில் எழுதினேன். ஏரி பெயர் சொல்ல ஆரம்பித்தால் நூலகத்துக்கு அனுப்பவும். அட்டவணை மாறினால் காலையிலேயே சொல்லவும். ஆசிரியரைத் திருத்த நினைத்தால் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று அவனுக்குச் சொல்லவும். கையெழுத்து மெதுவாக வரும். பாதி எழுதினாலும் போதும். விளையாட்டு நேரத்தில் ஸ்கோர் எழுதும் வேலை கொடுக்கவும். இவ்வளவுதான்.

நடுவருடத்தில் டி.சி. வருவது தாமதமானது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளையை டி.சி. வரவில்லை என்று சொல்லிச் சேர்க்காமல் இருக்க முடியாது. எச்.எம்.முக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பீரோவில் இருந்த உறையும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு மாதிரியான சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும், இப்போதே பதிவில் ஏறட்டும் என்றார் எச்.எம். அப்பா மறுபேச்சு பேசவில்லை.

வகுப்பில் என்ன சொல்வது என்று ஒரு விவாதம் இருந்தது. ஆட்டிசம் என்று சொல்ல அப்பாவுக்கு மனமில்லை. எச்.எம். வகுப்புக்குப் போய், "இவனுக்குக் காது ரொம்பக் கூர்மை. நீங்க கத்தினா அவனுக்கு வலிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். விளக்கமாகச் சொல்வதுதான் நல்லது என்று நான் நினைப்பவள். ஆனால் அந்த 34 பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு

டிசம்பரில் சேர்ந்தான். முதல் இரண்டு வாரம் மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவான். மணி அடிக்கிற ஆயாவே வழி கண்டுபிடித்தார். கிளம்பும்போது அவன் வகுப்பு வாசலில் நின்று ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போவார். சத்தம் அதேதான், எப்போது வரும் என்று தெரிந்துவிட்டது.

கரும்பலகையின் ஓரத்தில், குறளுக்குக் கீழே, தினமும் ஏரி நிலவரம் எழுத அனுமதி கிடைத்தது. ஐந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. ஒரு நாள் ஒருவன் செம்பரம்பாக்கத்துக்கு நேரே இருந்த எண்ணை அழித்து 9999 என்று எழுதிவிட்டான். தம்பி கத்தினான், டஸ்டரை எறிந்தான், நூலகத்துக்குப் போனான். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, அழித்தவனிடம் அந்த ஏரியின் முழுக் கொள்ளளவை விளக்கி, 9999 ஏன் சாத்தியமில்லை என்று சொல்லியிருக்கிறான். அழித்தவன் கேட்டுக்கொண்டான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆண்டுவிழா ஒத்திகை நடந்த பத்து நாளும் அட்டவணை குலைந்தது. ஆறு நாள் அவன் பள்ளிக்கே போகவில்லை. தற்காலிகமாக வந்த ஓர் ஆசிரியர் அந்த ஒரு பக்கத் தாளைப் பார்த்ததே இல்லை. இங்கேயும் "நியூஸ்" என்ற பட்டப்பெயர் எப்படியோ வந்துவிட்டது. தம்பிக்கு அது பிடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு கட்டடம், பாடத்துக்கு ஒரு ஆசிரியர்; அதற்கு இப்போதே தயாராக வேண்டும்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது புது நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். இடதுபக்கம் "அருந்துகிறேன்", வலதுபக்கம் "குடிக்கறேன்". இடதுபக்கம் "என்னிடம் தாருங்கள்", வலதுபக்கம் "குடுடா". பக்கத்து பெஞ்ச் பையன் சொல்லச் சொல்ல இவன் எழுதிக்கொண்டானாம். நடுவில் ஒரு பக்கத்துக்குத் தலைப்பு: "டா போடக் கூடியவர்கள்". நான்கு பெயர்கள் இருந்தன. எதிர்ப் பக்கத்தில் "டா போடக் கூடாதவர்கள்": எச்.எம்., ஆயா, அப்பா, நான்.

"பேருந்து நடத்துநர் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"கூடாத பக்கம்" என்றேன். எழுதிக்கொண்டான்.